சீலா மீன் நஞ்சா? எச்சரிக்கை எந்த மீனைப் பற்றியது, நம் கரையில் கிடைப்பது எது

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் போகத் தொடங்கியதும், நாகப்பட்டினம், காரைக்கால், பழையாறு ஆகிய ஊர்களின் ஏலக்களங்களில் வந்து இறங்கும் மீன்களில் நீண்டு மெலிந்த, கூர்மூக்குடைய, வெள்ளி நிறச் சீலாவும் ஒன்று. உலக வழக்கில் பாரகுடா என்று அழைக்கப்படும் இந்த மீனைப் பற்றி, அதை உண்ணக் கூடாது என்றும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதன் நஞ்சு போகாது என்றும் கைப்பேசிகளில் எச்சரிக்கைகள் சுற்றிவருகின்றன. அந்த எச்சரிக்கை பொய்யன்று. ஆனால் எந்த வகைப் பாரகுடா, எத்தனை பெரியது, எந்தக் கடலடியில் வளர்ந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லாமல் அது பரவுவதால், தலைமுறைகளாக இந்த மீனை உண்டுவரும் காவிரி டெல்டா கரையின் குடும்பங்கள் அதை நம்புவதா தள்ளுவதா என்று தடுமாறுகின்றன. அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண, மீனின் பெயரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

பெயரில் தொடங்கும் குழப்பம்

நாகைப் பக்கம் சீலா என்றும் ஷீலா என்றும், வேறு பல கரைகளில் ஊளி என்றும் வழங்கும் மீன்கள், ஸ்ஃபைரினா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உலகின் வெப்பக் கடல்களில் இந்தப் பேரினத்தில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆனால் தெற்கே ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் போனால், அங்கே சீலா என்று சொல்லப்படுவது பெரும்பாலும் நாம் வஞ்சிரம் என்று அழைக்கும் மீனாகும். வஞ்சிரம் சூரை, கானாங்கெளுத்தி ஆகியவற்றின் உறவு. பாரகுடாவோ வேறொரு குடும்பம். எனவே தூத்துக்குடியில் ஒருவர் எழுதிய சீலாக் குறிப்பை வேதாரண்யத்தில் ஒருவர் படிக்கும்போது, இருவர் மனத்திலும் இருப்பது இரண்டு வெவ்வேறு மீன்களாக இருக்கக்கூடும். விலையிலும் வஞ்சிரம் பல மடங்கு உயர்ந்தது என்பதால், இந்தப் பெயர்க் குழப்பம் வாங்குபவரின் பணப்பையையும் தொடுகிறது.

இரண்டையும் பிரித்தறியும் வழிகள் எளியவை:

1. வஞ்சிரத்தின் வாலுக்கு முன்னால், முதுகிலும் வயிற்றுப் பக்கத்திலும் வரிசையாகச் சிறு துடுப்புத் துணுக்குகள் இருக்கும். சீலாவுக்கு அவை இல்லை.

2. சீலாவின் முதுகில் இரண்டு துடுப்புகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் தனித்தனியே நிற்கும். முன்துடுப்பில் ஐந்து முள்கள் உண்டு. கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் நீண்டிருக்கும்.

3. மீன் துண்டு போடப்பட்டுவிட்டால் தோலைப் பார்க்க வேண்டும். வஞ்சிரத் துண்டின் தோல் வழுவழுப்பாக இருக்கும். சீலாத் துண்டில், செதில் சுரண்டியபின் எஞ்சும் சிறு குழிகள் வரிசை வரிசையாகத் தெரியும். விரல் நுனியால் வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் அந்தத் தடம் கைக்குத் தட்டுப்படும்.

சீலாவுக்குள்ளேயே மூன்று வகை

பாரகுடா என்ற பொதுப்பெயரில் வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை ஸ்ஃபைரினா பாராகுடா என்ற ஓரினத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. இதைப் பெருஞ்சீலா என்று இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். ஒரு மீட்டர் நீளத்தை எளிதாகத் தாண்டும் இது, பதினான்கு ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. உடலின் கீழ்ப்பகுதியில் ஒழுங்கற்றுச் சிதறிய மைத்துளி போன்ற கறுப்புப் புள்ளிகளும், வால்துடுப்பின் வெளிறிய நுனிகளும் இதன் அடையாளம். செதில்கள் பெரியவை, உடலின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோட்டில் அவற்றை எண்ணினால் எண்பதை ஒட்டி வரும்.

இரண்டாவது, ஸ்ஃபைரினா ஜெல்லோ. இதுவும் ஒன்றரை மீட்டர் வரை வளரக்கூடியது என்றாலும் உடல் ஒடிசலானது. பக்கவாட்டில் இருபது அளவில் நெளிந்த கருங்கோடுகள், மஞ்சள் சாயல் கொண்ட வால், பெருஞ்சீலாவைவிடச் சிறிய செதில்கள். பக்கக்கோட்டில் நூற்று இருபதுக்கும் மேல் வரும். மூன்றாவது, ஸ்ஃபைரினா ஆப்டுசாட்டா. பெரும்பாலும் ஒரு முழத்துக்கும் குறைந்த நீளமுடைய இந்தச் சிறு சீலாதான் இழுவலைகளில் கூட்டமாக அகப்படுவது, கருவாட்டுக்குப் போவது, அன்றாடக் குழம்புக்கு வாங்கப்படுவது. இவை தவிர இன்னும் சில இனங்களும் நம் கடலில் உண்டு. ஆனால் கூடையில் இருப்பது சிறு சீலாவா, கருங்கோட்டுச் சீலாவா, புள்ளி விழுந்த பெருஞ்சீலாவா என்ற ஒன்றைப் பார்த்துக்கொண்டாலே நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

வேட்டைக்கென்றே அமைந்த உடல்

சீலாவின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்கு அது ஏன் இவ்வளவு அஞ்சப்படுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. தாடையின் வெளி ஓரத்தில் ரம்பம் போன்ற சிறு பற்கள்; அவற்றுக்கு உள்ளே, தட்டையாகவும் இருபுறமும் கூராகவும் அமைந்த பெரிய பற்கள். வாய் மூடும்போது கீழ்த்தாடையின் முன்பல் போய் உட்காருவதற்கு மேல்தாடையில் குழி இருக்கிறது. அந்தக் குழி இல்லாவிட்டால் வாய் முழுதாக மூடாது. தூண்டில்காரர்கள் சீலாவுக்குப் போடும் தூண்டிலின் நுனியில் நரம்புக்குப் பதில் கம்பி கட்டுவதற்கு இந்தப் பற்களே காரணம். நைலான் நரம்பை அது ஒரே கடியில் அறுத்துவிடும்.

இவ்வளவு பற்கள் இருந்தும், உடல் எடையோடு ஒப்பிட்டால் பெருஞ்சீலாவின் கடிவிசை குறைவானது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அமுக்கி நொறுக்கும் வேலையை அதன் தாடை செய்வதில்லை. பாய்ந்து வரும் வேகமும் பல்லின் கூர்மையும் சேர்ந்து இரையை இரண்டாக வெட்டிவிடுகின்றன. அரிவாள்மனையில் நன்றாகத் தீட்டிய அலகுக்கு அழுத்தம் தேவைப்படாததைப் போன்றது இது. வெட்டப்பட்ட துண்டுகளைப் பின்னர் திரும்பி வந்து சாவதானமாக விழுங்கும்.

பாய்ச்சலுக்கேற்பவே உடலின் மற்ற உறுப்புகளும் அமைந்திருக்கின்றன. பின்முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலுக்கு அருகே மேலும் கீழுமாக ஒரே நேரில் அமைந்து, வாலோடு சேர்ந்து ஒரு பெரிய துடுப்பைப் போல நீரைத் தள்ளுகின்றன. இந்த வேகம் சில நொடிகளுக்கே நிற்கும். சூரையைப் போல நாள் முழுதும் ஓடித் துரத்தும் மீனன்று இது. நீரில் அசையாமல் மிதந்தபடி காத்திருக்கும். நத்தோலியோ மத்தியோ எட்டும் தொலைவுக்கு வந்ததும் பாயும். அசையாமல் நிற்கும்போது அதன் உடலில் கருநிறப் பட்டைகள் அடர்ந்து தெரிவதும், நீந்தும்போது அவை மங்கி வெள்ளியாக மின்னுவதும் கவனிக்கத்தக்கவை.

சிறு வயதில் சீலாக்கள் கூட்டமாகத் திரியும். பெருஞ்சீலா வளர வளரத் தனித்துவிடும்; ஸ்ஃபைரினா ஜெல்லோ போன்றவை வளர்ந்த பின்னும் பகலில் பெருங்கூட்டமாகச் சேர்ந்திருந்து, இரவில் பிரிந்து இரை தேடப் போகும். வலையில் சில நாள் ஒன்றும் படாமல், ஒருநாள் மட்டும் கூடை கூடையாக விழுவதற்கு இந்தக் கூட்டப் பழக்கம் முக்கியமான காரணம்.

மனிதரைக் கடிக்குமா

மிக அரிதாக. சீலா கண்ணை நம்பி வேட்டையாடும் மீன். தெளிந்த நீரில் மனிதரை அது இரையாகக் கருதுவதில்லை. பெருஞ்சீலா ஆர்வத்தோடு பின்தொடர்ந்து வருவதைப் பல முக்குளிப்பவர்கள் பதிவு செய்திருந்தாலும், பெரும்பாலும் அது அத்தோடு விலகிவிடுகிறது. கலங்கிய நீரில் மின்னும் வளையலோ கைக்கடிகாரமோ வெள்ளிக் கொலுசோ சிறு மீனின் பளபளப்பாகத் தோன்றும்போதும், ஈட்டியில் குத்திய மீனைக் கையில் வைத்திருக்கும்போதும்தான் அரிதான அந்தக் கடிகள் நேர்ந்திருக்கின்றன. ஆற்று முகத்துவாரங்களில் மழைக்கால நீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருப்பதால், அங்கே குளிப்பவர்கள் மின்னும் நகைகளைக் கழற்றி வைப்பது நல்லது.

கடலில் இறங்கியவரை மீன் குத்தியதாக வரும் செய்திகளில் பலவும் முரல் வகை மீன்களைப் பற்றியவை. விளக்கொளியைக் கண்டு நீரிலிருந்து துள்ளிப் பாயும் முரல், தன் ஊசி மூக்கால் காயப்படுத்திவிடும். அதுவும் நீண்ட மீன் என்பதால் செய்திகளில் சீலாவோடு கலந்துவிடுகிறது. நம் மீனவர்களுக்குச் சீலாவால் ஏற்படும் உண்மையான காயங்கள் படகுக்குள் நிகழ்பவை: வலையிலிருந்து உயிரோடு கழற்றும்போது துள்ளும் மீனின் பல் விரலில் பட்டால் ஆழமாகப் பிளந்துவிடும்.

நஞ்சு: அது என்ன, எங்கிருந்து வருகிறது

எச்சரிக்கைகள் குறிப்பிடும் நோயின் பெயர் சிகுவாட்டெரா. கியூபாவில் சிகுவா என்று அழைக்கப்பட்ட ஒரு கடல் நத்தையை உண்டு நோய்ப்பட்டவர்களைப் பற்றி 1787-இல் எழுதப்பட்ட குறிப்பிலிருந்து அந்தப் பெயர் வந்தது. அதற்கும் முன்பே, 1774-இல் பசிபிக் தீவுகளில் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பலில் மீன் உண்டவர்களுக்கு ஏற்பட்ட நோயும் இதுவே என்று கருதப்படுகிறது. இன்று உலகில் ஆண்டுக்குப் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் பேர் வரை இதனால் பாதிக்கப்படுவதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது.

இந்த நஞ்சைச் சீலா தானே உண்டாக்குவதில்லை. அது மீனுக்குள் வரும் வழியை நான்கு படிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

1. கேம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்ணுயிர்ப் பாசி, இறந்த பவளத்தின் மீதும் அதில் படர்ந்த கடற்பாசிகளின் மீதும் ஒட்டி வாழ்கிறது. நஞ்சின் தொடக்கம் இதுதான்.

2. பவளப் பாரில் பாசியை மேயும் சிறு மீன்கள், மேய்ச்சலோடு சேர்த்து இதையும் விழுங்குகின்றன.

3. அந்த மீன்களைக் களவா, செப்பிலி, பெருஞ்சீலா போன்ற வேட்டை மீன்கள் உண்கின்றன. உண்ட நஞ்சு உடலைவிட்டு எளிதில் வெளியேறாமல் ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு மாறும்போது வேதியியல் மாற்றம் அடைந்து வீரியமும் கூடுகிறது.

4. மனிதர் அந்த மீனை உண்கிறார். மீனுக்கு நோயில்லை, சுவையிலும் மணத்திலும் நிறத்திலும் வேறுபாடு இல்லை.

இதன் கொடுமை கடைசிப் படியில்தான் இருக்கிறது. கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், உறைய வைத்தாலும், உப்பிட்டுக் கருவாடாக்கினாலும் சிகுவாடாக்சின் என்ற இந்த நஞ்சு அழிவதில்லை. வெள்ளிக் காசைப் போட்டுப் பார்ப்பது, ஈ மொய்க்கிறதா என்று பார்ப்பது போன்ற பல நாட்டுச் சோதனைகள் உலகின் பல கரைகளிலும் வழங்குகின்றன. அவற்றில் ஒன்றும் பயன் தராது.

உண்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். பிறகு வாய், கை, கால்களில் மதமதப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வரும். இந்த நோய்க்கே உரிய அடையாளம் ஒன்று உண்டு: குளிர்ந்த நீரைத் தொட்டால் நெருப்பைத் தொட்டதுபோல எரியும். இதயத் துடிப்பு குறைவதும் உண்டு. உயிரிழப்பு மிக அரிது என்றாலும், நரம்புத் தொல்லைகள் வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடிக்கும். மாற்று மருந்து இல்லை. அறிகுறிகளுக்கே சிகிச்சை தரப்படுகிறது. தேறிய பின்னும் மது அருந்துவதும் மீண்டும் அத்தகைய மீனை உண்பதும் தொல்லையைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். மீன் உண்டபின் குளிர்ச்சி எரிவதாக ஒருவர் சொன்னால், உண்ட மீன் எது, எங்கே பிடித்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றுக் கோளாறாக எண்ணி விட்டுவிடும் வாய்ப்பு அதிகம்.

இந்தியக் கரையில் இது நடக்காது என்றும் சொல்லிவிட முடியாது. 2016-இல் மங்களூருவில் செப்பிலி வகை மீனின் தலைகளைச் சமைத்து உண்ட பலர் இதே அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்தனர். தலை என்பதைக் கவனிக்க வேண்டும். சதையைவிடத் தலை, ஈரல், குடல், சினை ஆகியவற்றில் நஞ்சு பன்மடங்கு செறிந்திருக்கும். மீன் தலைக் குழம்பை விரும்பி உண்ணும் நமக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி.

டெல்டா கரைக்கு இது எவ்வளவு பொருந்தும்

நஞ்சின் தொடக்கம் பவளப் பார் என்பதை நினைவில் கொண்டு கரையின் வரைபடத்தைப் பார்த்தால் விடை தெளிவாகும். கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து பூம்புகார், தரங்கம்பாடி, நாகை, வேளாங்கண்ணி வழியாகக் கோடியக்கரை வரை கடலடி மணலும் சேறுமாக இருக்கிறது. காவிரியும் அதன் கிளைகளும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. கோடியக்கரையில் கரை மேற்கே திரும்பிய பிறகு முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரையிலும் சேற்றுப் பாங்கான ஆழமற்ற கடல்தான். பவளப் பார்கள் பாக் நீரிணையின் தென்கோடியில் மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்திலும், அதற்கு அப்பால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் உள்ளன.

ஆகவே நம் படகுகள் அருகிலுள்ள சேற்றுக் கடலில் பிடித்துவரும் சிறு சீலாவும், நடுத்தர அளவுள்ள கருங்கோட்டுச் சீலாவும் இந்த நோயைத் தரும் வாய்ப்பு மிகக் குறைவு. அவற்றின் உணவுச் சங்கிலி பவளப் பாரில் தொடங்குவதில்லை; நத்தோலி, மத்தி, காரல், இறால் என்று சேற்றுக் கடலில்தான் ஓடுகிறது. எச்சரிக்கையைக் கண்டு இவற்றை ஒதுக்குவது மலிவான, நல்ல புரதத்தை வீணாக இழப்பதாகும். சிறு மீனவக் குடும்பத்தின் வருவாயையும் அது பாதிக்கும்.

பெருஞ்சீலாவின் கணக்கு வேறு. அது நெடுந்தொலைவு இடம் பெயரக்கூடியது. இன்று நாகைச் சந்தைக்கு மீன் வேறு கடல்களிலிருந்து லாரியிலும் வருகிறது. கீழ்ப்பக்கத்தில் கறுப்புப் புள்ளிகளோடு, ஒரு மீட்டரை நெருங்கிய மீன் விற்பனைக்கு இருந்தால், எங்கே பிடித்தது என்று கேட்பது தேவையற்ற சந்தேகம் ஆகாது. இடம் தெரியாவிட்டால் தலையையும் ஈரலையும் சினையையும் விலக்குவது குறைந்தபட்சக் காப்பு. கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அந்த அளவு மீனையே தவிர்ப்பது மேல். நெடுநாள் வாழும் பெரிய வேட்டை மீன்களில் பாதரசமும் சேரும் என்பது இதற்கு இரண்டாவது காரணம்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐஸ் போதாமல் வெயிலில் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை உண்டதும் ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடல் தடித்து, தலைவலி வந்தால் அது சிகுவாட்டெரா அன்று. மீன் கெடும்போது அதில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலை. பிடித்த நேரத்திலிருந்து ஐஸில் வைத்தால் அதைத் தடுத்துவிடலாம்.

சீலாக் குஞ்சும் காவிரித் தண்ணீரும்

சீலாக்கள் முட்டையைக் காப்பதில்லை. பெரிய பெண்மீன் லட்சக்கணக்கான முட்டைகளைத் திறந்த கடலில் விடுகிறது. அவை நீரோட்டத்தில் மிதந்து பொரிக்கின்றன. பெருஞ்சீலாவில் ஆண்மீன் இரண்டு வயதளவில் முதிர்ச்சி அடைய, பெண்மீனுக்கு அதைவிடக் கூடுதல் காலம் தேவைப்படுகிறது. மிதந்து வரும் குஞ்சுகள் முதலில் தேடுவது அலையாத்தி வேர்களும் கடற்புல் வெளிகளும் முகத்துவாரங்களும் தரும் மறைவிடத்தை. வாழ்வின் முதல் ஆண்டை அங்கே கழித்துவிட்டு, உடல் வளர்ந்ததும் ஆழத்துக்குப் போகின்றன. பாய்ந்து கொல்லும் மீன், தன் முதல் மாதங்களில் எல்லா மீனுக்கும் இரையாகும் நிலையில் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

டெல்டாவில் அத்தகைய மறைவிடம் பெரிய அளவில் எஞ்சியிருப்பது முத்துப்பேட்டையில். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக் கோரையாறு ஆகியவை வயல்களுக்குப் பாய்ந்து மீந்த நீரைக் கொண்டுவந்து சேர்க்கும் இடத்தில் அலையாத்திக் காடும் அதன் நடுவே லகூன் எனப்படும் ஆழமற்ற கடற்கழியும் அமைந்திருக்கின்றன. கோடியக்கரையோடு சேர்த்து 2002-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பகுதி இது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து, வாடைக்கால மழையும் சேரும்போது லகூனின் உப்பு குறைகிறது. கோடையில் ஆற்று நீர் நின்றுவிட்டால் உப்பு கடல்நீரையே மிஞ்சும் அளவுக்கும் ஏறக்கூடும். நன்னீர் வரத்து குறைந்ததால்தான் உப்பைத் தாங்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் ஒன்றே அங்கே பெரும்பான்மையாகிவிட்டது என்று காட்டை ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர். லகூன் வண்டல் படிந்து ஆழம் குறைந்து வருகிறது. 2018 நவம்பர் 16-இல் கரை கடந்த கஜா புயல் காட்டின் பெரும்பகுதியை முறித்துப் போட்டது.

இறால் பண்ணைகளும் இந்த நீரைத் தொட்டவையே. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகும், உப்பங்கழிகளை ஒட்டிய பண்ணைகள் குறித்த சர்ச்சை டெல்டாவில் ஓயவில்லை.

மேட்டூரிலிருந்து வரும் நீர் கடலுக்குப் போய்ச் சேர்ந்தால் வீண் என்று அடிக்கடி பேசப்படுகிறது. லகூனில் கண்டல் வேர்களுக்கிடையே ஒரு விரல் நீளத்தில் ஒதுங்கி நிற்கும் மீன் குஞ்சுகளை வைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு சரியன்று. சீலாவுக்கு மட்டுமன்றி, அது உண்ணும் மீன்களுக்கும் இறாலுக்கும் கூட அந்த நீர் வேண்டும்.

தடைக்காலத்தின் பங்கையும் இங்கே அளந்து பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கும் தடை, விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திப் பல மீன்களின் இனப்பெருக்கத்துக்கு இடம் தருகிறது. ஆனால் தடை முடிந்த முதல் வாரங்களில் இழுவலையின் சிறு கண்ணில் அகப்பட்டு, ஏலத்தில் தனி விலையே இல்லாமல் கழிவு மீன் குவியலோடு கோழித்தீவனத்துக்குப் போகும் பென்சில் நீளச் சீலாக்கள் அந்த 61 நாளின் பயனைத் தின்றுவிடுகின்றன. ஏலக்களத்தில் அந்தக் குவியலைக் கிளறினால் காரல், சிறு நண்டு, கணவாய்க் குஞ்சுகளுக்கு இடையே, முன்னால் நீண்ட கீழ்த்தாடையும் அதில் அப்போதே முளைத்துவிட்ட ஊசிப் பற்களுமாக அவற்றைத் தனியே அடையாளம் காணலாம்.